பழைய நாளிதழில் பிறந்த அலெப்ரிஹே: ஒரு தாள் சிற்பத்தின் வரலாறு

'கோகோ' படத்தை நம் மாணவர்களில் பலர் பார்த்திருப்பார்கள். 2017ல் வந்தது. மெக்சிகோ நாட்டு மக்கள் கொண்டாடும் இறந்தோர் நாளை வைத்து எடுத்த கதை. அதில் சிறகு முளைத்த பெரிய சிறுத்தை ஒன்று, உடம்பெல்லாம் மின்னும் வண்ணங்களோடு பறந்து வரும். அதை 'அலெப்ரிஹே' என்று அழைப்பார்கள். மறு உலகத்தில் ஆவிகளுக்கு வழிகாட்டும் விலங்காம்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி பயிற்சிக் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தாள்: "அலெப்ரிஹே என்பது பண்டைய அஸ்தெக் மக்கள் வணங்கிய தெய்வ விலங்கு." பிழையில்லாத தமிழ், அழகான கையெழுத்து. ஆனால் செய்தி முழுக்கத் தவறு. எங்கே படித்தாய் என்று கேட்டேன். "படத்துலதான் சார்" என்றாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரியவர்களே அப்படித்தான் நம்புகிறார்கள்.

அஸ்தெக் பேரரசு 1521ல் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அலெப்ரிஹே பிறந்ததோ இருபதாம் நூற்றாண்டில், அதுவும் மெக்சிகோ நகரத்தின் ஒரு சந்தைப் பகுதியில். அதைச் செய்தவரின் பெயர் நமக்குத் தெரியும். எதைக் கொண்டு செய்தார் என்பதும் தெரியும். பழைய நாளிதழும் கோதுமை மாவுப் பசையும். மனிதனுக்கு விலங்கு வடிவத்தில் ஒரு துணை உண்டு என்ற 'நஹுவால்' நம்பிக்கை அந்த மண்ணில் பழமையானதுதான், அதை மறுக்கவில்லை. படம் எடுத்தவர்கள் அந்தப் பழைய நம்பிக்கையையும் இந்தப் புதிய பொம்மையையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். கதைக்கு அது பொருந்தும். வரலாற்றுத் தாளில் எழுதினால், நேற்று வரை நம்மிடையே இருந்த ஓர் ஏழைக் கைவினைஞர் காணாமல் போய்விடுவார். 'பண்டைய மரபு' என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படிக் காணாமல் போனவர்கள் நிறையப் பேர்.

அவர் பெயர் பெட்ரோ லினாரெஸ். 1906 ஜூன் 29ல் பிறந்தார், 1992 ஜனவரியில் இறந்தார். அவரிடம் போவதற்கு முன்னால் அவருடைய தொழிலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தாளும் பசையும்

இந்தக் கைவேலைக்கு மெக்சிகோவில் 'கார்த்தோனெரியா' என்று பெயர். அட்டை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. செய்பவர் 'கார்த்தோனெரோ'. நாம் எல்லாவற்றையும் சேர்த்துக் 'காகிதக்கூழ்' என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கூழ் என்றால் தாளை ஊறவைத்து இடித்து மாவு போல ஆக்குவது. அந்தக் காலத்துப் பாட்டிமார் பழைய தாளை ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து ஆட்டி, முறத்திலும் கூடையிலும் ஓட்டை அடையப் பூசுவார்களே, அது கூழ். நவராத்திரிக் கொலுவில் வைக்கும் எடை குறைந்த பொம்மைகளில் பல கூழில் செய்தவை. காஷ்மீரத்து வண்ணப் பெட்டிகளும் கூழில் தொடங்கும் வேலைதான். மெக்சிகோ கார்த்தோனெரோ பெரும்பாலும் தாளை அரைப்பதில்லை. பட்டை பட்டையாகக் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறார்.

பசை நம் வீட்டுப் பசை மாதிரிதான். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கட்டி விழாமல் கிண்டி எடுப்பது. பெரிய உருவம் என்றால் முதலில் நாணல் குச்சிகளை வளைத்துக் கட்டி எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம் செய்வார்கள். அதன்மேல் பசை தடவிய தாள்கள் ஏறும். சின்னப் பொம்மை என்றால் அச்சு இருக்கும். அச்சில் தாளை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவிட்டு, கத்தியால் இரண்டாகக் கீறிக் கழற்றி, மறுபடி தாள் பட்டையால் சேர்த்து ஒட்டிவிடுவார்கள். உள்ளே வெற்றிடம். அதனால்தான் ஆள் உயரப் பொம்மையைக்கூட ஒருவரே தோளில் சுமந்து சந்தைக்குக் கொண்டுபோக முடியும்.

வகுப்பில் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், கையால் கிழிக்கச் சொல்லுங்கள். கிழிந்த ஓரம் மெல்லியதாக இருக்கும், ஒட்டினால் தடம் தெரியாது. வெட்டிய ஓரம் படிக்கட்டு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். ஓர் அடுக்கு நாளிதழ் என்றால் அடுத்த அடுக்குப் பழுப்புத் தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால், எந்த இடம் விட்டுப்போனது என்று மாணவர்களுக்கே தெரிந்துவிடும். முக்கியமானது காய்வது. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் மேட்டுநிலம், காற்றில் ஈரம் குறைவு. நம் ஊரில் மத்தியானம் வெயில், சாயங்காலம் மழை. ஒரே நாளில் ஐந்து அடுக்கு ஒட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடித்துவிடும். நாளைக்கு இரண்டு அடுக்கு போதும். பசையில் கொஞ்சம் உப்புப் போட்டால் பூசணம் தள்ளிப்போகும். நன்றாகக் காய்ந்த பிறகு முழுவதும் வெள்ளைச் சாயம் அடித்து, அதன்மேல்தான் வண்ணம். வெள்ளை அடிக்காவிட்டால் அச்செழுத்து எட்டிப் பார்க்கும், வண்ணமும் மங்கும்.

சரி, ஏன் நாளிதழ்? தாள் என்பது ஒரு காலத்தில் விலை உயர்ந்த பொருள். கந்தல் துணியிலிருந்து கையால் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழிலிருந்து இயந்திரத்தில் தாள் செய்யும் முறை பரவியபோதுதான் நிலைமை மாறியது. மெக்சிகோ நகருக்கு அருகே எரிமலைச் சரிவில் இருந்த சான் ரஃபேல் தாள் ஆலை 1890களில் பெரிய அளவில் வளர்ந்தது. 1896ல் 'எல் இம்பார்சியால்' என்ற நாளிதழ் தொடங்கி, ஒரு சென்டாவோவுக்கு, அதாவது ஒரு பெசோவில் நூறில் ஒரு பங்கு விலைக்கு விற்றது. அப்படி விற்ற நாளிதழ் மறுநாள் என்ன ஆகும்? மீன் கட்டலாம், அடுப்புப் பற்றவைக்கலாம், இல்லையென்றால் பொம்மை செய்யலாம். கையில் காசில்லாத கைவினைஞனுக்கு மூலப்பொருள் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான் என்பது என் ஊகம். இத்தொழில் இதற்கும் முன்பிருந்தே உண்டு. ஆகவே 'நாளிதழால்தான் இந்தக் கலை பிறந்தது' என்று எழுதிவிடாதீர்கள். நாளிதழ் வந்ததால் இது ஏழை வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எரிப்பதற்காகவே செய்த சிற்பம்

கார்த்தோனெரோக்களுக்கு ஆண்டில் பெரிய வேலை ஈஸ்டருக்கு முன் வரும். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் உருவத்தைத் தாளில் செய்து, உடம்பெங்கும் பட்டாசு கட்டி, புனித சனிக்கிழமை அன்று தெருவின் குறுக்கே கயிற்றில் தொங்கவிட்டு வெடிப்பார்கள். ஸ்பானியர் கொண்டுவந்த வழக்கம் இது. ஆனால் மெக்சிகோவில் யூதாஸ் யூதாஸாகவே நிற்கவில்லை. சிவப்பு நிறம், கொம்பு, வால் என்று சாத்தானாக மாறினான். பிறகு பெரிய தொப்பையும் தொப்பியும் வைத்த முதலாளியாக, மீசை வைத்த தளபதியாக, மக்களுக்குப் பிடிக்காத அரசியல்வாதியாக வந்தான். வாய் திறந்து திட்ட முடியாதவர்களைத் தாளில் செய்து வெடித்தார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் இதை ரசிக்கவில்லை. யாரையும் அடையாளம் காட்டும்படி யூதாஸ் செய்யக் கூடாது என்ற தடைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தன.

இன்னொரு பக்கமும் உண்டு. போர்ஃபிரியோ டியாஸ் ஆட்சிக் காலத்தில் தலைநகரப் பணக்காரர்களின் 'ஜாக்கி கிளப்' இருந்தது. நகரத்தின் நடுவே நீல ஓடு பதித்த மாளிகையில் இயங்கிய மன்றம் அது. அவர்களும் யூதாஸ் தொங்கவிட்டார்கள், உள்ளே நாணயங்களை நிரப்பி. வெடித்ததும் கீழே ஏழைகள் முண்டியடித்துப் பொறுக்க, மாடியிலிருந்து கனவான்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதே பொம்மை, அதே வெடி. தெருவில் அது ஏழை பணக்காரனைப் பார்த்துச் சிரிப்பது, மாளிகை வாசலில் பணக்காரன் ஏழையைப் பார்த்துச் சிரிப்பது. அமெரிக்க வரலாற்று ஆசிரியர் வில்லியம் பீஸ்லி 1987ல் வெளியிட்ட நூலுக்கு இந்தக் காட்சியிலிருந்தே தலைப்பு எடுத்தார். வர்க்க வேறுபாடு பற்றி நாலு பக்கம் விளக்குவதைவிட மாணவர்களுக்கு இந்த ஒரு காட்சி போதும்.

இங்கேதான் வரலாற்று மாணவனுக்கு ஒரு சிக்கல். மன்னர் சிலை கல், நாணயம் உலோகம், நிலைத்து நிற்கும். யூதாஸோ செய்த வேகத்தில் சாம்பலாகிறான். வெற்றிகரமாக வேலை முடிந்த யூதாஸ் ஒன்றுகூட மிஞ்சாது! மிஞ்சியது என்றால் அது விற்காதது, வெடிக்காதது, யாரோ வாங்கிப் பூட்டி வைத்தது. நம் ஊரில் சீனர்களின் ஏழாம் மாதப் பேய்த் திருவிழாவில் மூங்கில் சட்டத்தில் வண்ணத்தாள் ஒட்டிச் செய்யும் பெரிய தெய்வ உருவத்தைப் புக்கிட் மெர்தாஜாமில் பார்த்திருப்பீர்கள். கடைசி இரவு அதுவும் நெருப்புக்குத்தான் போகிறது. நூறு ஆண்டுக்கு முன் அங்கே எரித்த உருவம் எப்படி இருந்தது என்று கேட்டால் எதைக் காட்டுவது? அதே கேள்விதான் இங்கேயும்.

பொருள் இல்லாதபோது பொருளைச் சுற்றி இருந்தவற்றைத் தேட வேண்டும். ஸ்பெயின் நாட்டுத் தூதரின் மனைவியாக மெக்சிகோவில் 1839 முதல் 1842 வரை இருந்த ஃபேனி கால்டெரோன் தெ லா பார்க்கா, தாம் கண்டவற்றைக் கடிதங்களாக எழுதி 1843ல் நூலாக்கினார். அவலட்சணமான யூதாஸ் உருவங்களை நீண்ட கழிகளில் கட்டிக் கூட்டத்தின் தலைக்குமேல் தூக்கிப் போனதை அதில் சொல்கிறார். பார்த்தவர் சாட்சி, சரி. ஆனால் வெளிநாட்டுச் சீமாட்டி, அவருக்கு அது அவலட்சணம், செய்தவனுக்கு அப்படி இருந்திருக்குமா? அடுத்து அரசாங்கத் தடை உத்தரவுகள். ஒன்றைத் தடுக்கிறார்கள் என்றால் அது நடந்துகொண்டிருந்தது என்று பொருள். இது மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் வாசிப்பு. மூன்றாவது ஓவியம். 1923, 1924ல் டியேகோ ரிவேரா கல்வி அமைச்சுக் கட்டடத்தின் சுவர்களில் மக்கள் திருவிழாக்களை வரைந்தபோது யூதாஸ் எரிப்பையும் வரைந்தார். தளபதி, பாதிரியார், முதலாளி என்று மூன்று உருவங்கள் மேலே வெடித்துக்கொண்டிருக்க, கீழே கூட்டம். ரிவேரா பொதுவுடைமைக் கொள்கைக்காரர். அந்த மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தது தெருவா அவரா என்ற கேள்வியை மாணவர்களிடம் போட்டுப் பாருங்கள், நல்ல விவாதம் வரும்.

ரிவேரா வரைந்ததோடு நிற்கவில்லை, வாங்கிச் சேர்த்தார். தலைநகரத்து அபெலார்டோ ரொட்ரீகெஸ் சந்தைப் பகுதியில் கார்மென் காபாயெரோ செவில்லா என்ற பெண்மணி யூதாஸ் செய்து விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய உருவங்கள் ரிவேராவுக்கு மிகவும் பிடித்துப்போய்த் தொடர்ந்து செய்யச் சொன்னார். சான் ஆங்கெல் பகுதியில் இருந்த அவருடைய ஓவியக்கூடம் இன்று அருங்காட்சியகம். உள்ளே நுழைந்தால் கூரையைத் தொடும் தாள் மனிதர்கள் சுற்றி நிற்கிறார்கள். 1954ல் ரிவேரா வரைந்த 'ஓவியரின் கூடம்' என்ற படத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். நமக்குக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் பழைய யூதாஸ்களில் பல, ஒரு பிரபல ஓவியர் நெருப்பிலிருந்து விலக்கி வாங்கிவைத்தவை. அப்படியானால் ரிவேராவின் ரசனைக்குப் படாத யூதாஸ்கள்? அவை போயே போயின. அருங்காட்சியகத்தில் இருப்பதே அந்தக் கலை முழுவதும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு சின்ன இடைச்செருகல். 1935ல் மெக்சிகோ அரசு நாளிதழ்த் தாளுக்கென்று 'பிப்சா' என்ற நிறுவனத்தை ஏற்படுத்தியது. தாள் இறக்குமதியும் விற்பனையும் அதன் கையில். எந்த நாளிதழுக்கு எவ்வளவு தாள் என்பது ஏறக்குறைய அரசாங்கம் சொல்வதுதான். ஆசிரியர்கள் அடக்கி வாசித்ததில் வியப்பில்லை. அப்படி அடக்கி வாசித்து அச்சிட்ட அதே தாள், மறுநாள் கார்த்தோனெரோ வீட்டுக்குப் போய் அரசியல்வாதியின் மூஞ்சியாகி வெடித்திருக்கும். இதற்கு ஆவணச் சான்று எதுவும் என்னிடம் இல்லை, நினைத்துப் பார்க்கச் சுவையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு காய்ச்சலும் ஒரு கனவும்

பெட்ரோ லினாரெஸ் இந்த யூதாஸ் உலகத்தில்தான் வளர்ந்தார். மெக்சிகோ நகரின் லா மெர்செட் பகுதி, சந்தைகளும் நெரிசலுமான இடம். சிறுவயதிலேயே தந்தையிடம் தொழில் கற்றார். யூதாஸ், திருவிழா முகமூடி, பிறந்தநாளில் பிள்ளைகள் அடித்து உடைக்கும் 'பின்யாத்தா', இவை எல்லாம் அவர் செய்தவை. எல்லாமே உடைக்கவோ எரிக்கவோ வாங்குபவை. கலைஞர் என்று யாரும் அவரை அழைக்கவில்லை.

1936ல், 30 வயதில், கடுமையாக நோயுற்றுப் படுக்கையில் விழுந்தார். நினைவு தப்பிய நிலையில் ஒரு கனவு கண்டதாக அவர் சொன்னார். காடு மாதிரி ஓர் இடம். வலி இல்லை, அமைதி. திடீரென்று பாறைகளும் மேகங்களும் விலங்குகளாக மாறின. வண்ணத்துப்பூச்சிச் சிறகுள்ள கழுதை, காளைக் கொம்புள்ள சேவல், கழுகுத் தலையுள்ள சிங்கம். எல்லாம் சேர்ந்து ஒரே சொல்லைக் கத்தின: "அலெப்ரிஹே! அலெப்ரிஹே!" சத்தம் தாங்காமல் ஓடினார். வழியில் ஒருவர், நீ இங்கே இருக்கவேண்டிய நேரம் இன்னும் வரவில்லை, போ என்று வழி காட்டினாராம். ஒரு சின்ன ஜன்னல் வழியே நுழைந்து வெளியே வந்தார், கண் விழித்தார். உடம்பு தேறியதும், கனவில் கண்டவை எப்படி இருந்தன என்று வீட்டாருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாமல், கையில் இருந்த தாளிலும் பசையிலும் செய்து காட்டினார். அலெப்ரிஹே என்ற சொல்லுக்கு அதற்கு முன் தெளிவான பொருள் எதுவும் இல்லை. கனவில் கேட்டதை அப்படியே பெயராக வைத்தார்.

அருமையான கதை. நானும் வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஆனால் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்: இது எந்த வகைச் சான்று?

கனவுக்குச் சாட்சி அவர் ஒருவர்தான். இந்தக் கதை மெக்சிகோவுக்கு வெளியே பரவியது ஜூடித் ப்ரோனோவ்ஸ்கி 1975ல் எடுத்த ஆவணப்படத்திற்குப் பிறகு. கனவு 1936, படம் 1975. நடுவில் 39 ஆண்டுகள். அதற்குள் அவர் இதை எத்தனை முறை யார் யாரிடம் சொல்லியிருப்பார்? ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை கொஞ்சம் மெருகேறாதா? நம் தாத்தா சப்பானியர் காலத்துக் கதை சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். பொய் என்று சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்யும்.

இன்னொன்று. கனவு திடீரென்று வந்திருக்கலாம், கை திடீரென்று வரவில்லை. சாத்தான் யூதாஸுக்குக் கொம்பும் வாலும் சிறகும் வைத்துப் பழகிய கை அது. கலப்பு உருவங்கள் அவருடைய தொழிலில் ஏற்கனவே இருந்தன. ஆகவே 'எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு மேதை கனவு கண்டார்' என்ற வாசிப்பும் சரியில்லை, 'அஸ்தெக் காலத்து மரபு' என்ற வாசிப்பும் சரியில்லை. பழகிய தொழில் ஒன்று இருந்தது, அதன் எல்லையை ஒருவர் தாண்டினார். பெரிய தாண்டல் எது என்றால், என் பார்வையில், சிறகோ கொம்போ இல்லை. எரிக்கவேண்டாத, உடைக்கவேண்டாத, வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டிய ஒன்றை அதே குப்பைத் தாளில் செய்தாரே, அதுதான்.

வைத்துப் பார்க்க ஆள் கிடைக்கவும் செய்தார்கள். குவெர்னாவாகா நகரத்து ஓவியக் கடைக்காரர் ஒருவர் மூலம் ரிவேராவுக்கும் ஃப்ரிடா காலோவுக்கும் அவர் அறிமுகமானார், அவர்கள் வேலை கொடுத்தார்கள். காலோ 1954ல் இறந்தார், ரிவேரா 1957ல். அதே காலகட்டத்தில் யூதாஸ் வியாபாரம் படுக்கத் தொடங்கியிருந்தது. முன்பு புனித சனிக்கிழமைக் காலைப் பூசையில் மணி அடித்ததும் யூதாஸ் வெடிக்கும். 1955ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புனித வாரச் சடங்குகளைச் சீர்திருத்தியபோது அந்தப் பூசை இரவுக்குப் போய்விட்டது, தெருவிழாவுக்கும் மணிக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. தலைநகரில் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகளும் இறுகின. எரிக்கும் பொம்மைக்கு இடம் குறைந்த அந்தக் காலத்தில், எரிக்காத பொம்மை செய்யத் தெரிந்த குடும்பம் பிழைத்துக்கொண்டது.

பெயர் யாருக்குச் சொந்தம்?

1975 படத்திற்குப் பிறகு லினாரெஸ் அமெரிக்காவில் செய்முறைப் பயிற்சிகள் நடத்தினார். அந்தச் சுற்றுப்பயணங்களில் ஓஹாகா மாநிலத்து அர்ராசோலா ஊரைச் சேர்ந்த மரச் சிற்பி மனுவேல் ஹிமேனெஸும் இருந்தார். ஓஹாகாவில் கோபால் என்ற மென்மரத்தில் விலங்கு செதுக்கும் வழக்கம் ஏற்கனவே உண்டு. லினாரெஸின் கற்பனை விலங்குகளும் அவர் வைத்த பெயரும் அந்த மரத்தில் ஏறின. மரப் பொம்மை கெட்டியானது, பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுபோகலாம், சுற்றுப்பயணிக்கு வசதி. கொஞ்ச காலத்தில் அர்ராசோலாவிலும் பக்கத்து ஊர்களிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் செதுக்கத் தொடங்கின. இன்று அலெப்ரிஹே என்றால் பலருக்கு மரச் சிற்பம்தான் நினைவுக்கு வருகிறது, தாள் இல்லை.

இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊர்களிலும் பசி இருந்தது, அவர்கள் கையிலும் திறமை இருந்தது. ஆனால் கனவில் கேட்டுத் தான் வைத்த பெயர் ஊர் ஊராக விற்பனைச் சீட்டில் தொங்குவதை லினாரெஸ் குடும்பம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நாட்டுப்புறக் கலையில் இது எப்போதும் வரும் வழக்கு. ஊருக்கே சொந்தம் என்றால் தொடங்கியவருக்கு ஒன்றும் இல்லை, தொடங்கியவருக்கு மட்டும் சொந்தம் என்றால் அது நாட்டுப்புறக் கலையாகவே வளர்ந்திருக்காது. தேர்வில் கருத்துரைக்கும் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் ஆசிரியர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

அங்கீகாரம் தாமதமாக வந்தது. 1990ல் மெக்சிகோ அரசின் தேசிய அறிவியல் கலை விருது, மக்கள் கலை மரபுப் பிரிவில் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 84 வயது. ஒன்றரை ஆண்டுக்குள் காலமானார். மகன்கள் என்ரிக்கே, ஃபெலிப்பே, மிகேல் மூவரும் அதே தொழிலைத் தொடர்ந்தார்கள், பிறகு பேரன்களும். அலெப்ரிஹே மட்டும் இல்லை. ஹோசே குவாதலூப்பே போசாதா என்ற அச்சோவியர் மலிவுத் தாள்களில் அச்சிட்ட எலும்புக்கூடு மனிதர்களை இந்தக் குடும்பம் ஆளுயரச் சிற்பங்களாக்கியது. 1985 செப்டம்பர் 19ல் மெக்சிகோ நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியபோது, இடிபாடுகளையும் மீட்புப் பணியையும் எலும்புக்கூடு உருவங்களாகவே செய்தார்கள். நாளிதழில் செய்தியாக வந்தது, அதே நாளிதழைக் கிழித்து ஒட்டிய சிற்பமாகத் திரும்பி வந்தது. அணு ஆயுதப் போரில் உலகம் அழிவதைக் காட்டும் அவர்களுடைய பெரிய தாள் சிற்பத் தொகுதி இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. எங்கிருந்து எங்கே போயிருக்கிறது பாருங்கள், பழைய பேப்பர்!

மெக்சிகோ நகர மக்கள் கலை அருங்காட்சியகம் 2007 முதல் அக்டோபர் மாதத்தில் பெரிய அலெப்ரிஹே ஊர்வலம் நடத்துகிறது. நகர மையத்துச் சதுக்கத்திலிருந்து ரிஃபோர்மா சாலை வழியாக, லாரி அளவுக்குப் பெரிய தாள் மிருகங்களைத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஊர்வலத்துக்குப் பிறகு சாலையோரம் நிறுத்திவைப்பார்கள், மக்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஊர்வலமும் இறந்தோர் நாளும் நாள்காட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வருவதால், இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் இன்னும் பலப்படுகிறது. கோகோ படம் வருவதற்குப் பத்து ஆண்டு முன்பே தொடங்கிய கலப்பு இது.

என் மாணவியின் வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் "பெட்ரோ லினாரெஸ், 1936, நாளிதழ், பசை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் திருத்தி எழுதி வந்தாள். முடிவில் ஒரு கேள்வியும் சேர்த்திருந்தாள்: "லினாரெஸ் குடும்பம் இப்போதும் யூதாஸ் செய்கிறதா சார்?"

செய்கிறார்கள். அருங்காட்சியகங்கள் வாங்கிவைக்கும் கைகள்தான். ஆனாலும் புனித சனிக்கிழமை வந்தால், லா மெர்செட் பக்கம் தங்கள் வீடு இருக்கும் தெருவில் யூதாஸைக் கயிற்றில் ஏற்றி, அக்கம்பக்கத்தார் சுற்றி நிற்க, திரியைப் பற்றவைக்கிறார்கள்.